எம்.பி.பி.எஸ். முடித்து இருபத்தைந்து ஆண்டுகள்: எழுதி வைத்த இடமும் வந்து சேர்ந்த இடமும்

இழையைத் தொடங்கியவர்: கண் மருத்துவர், திண்டுக்கல்

தென் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் 1993-ஆம் ஆண்டு சேர்ந்த அணி எங்களுடையது. 1999-இன் தொடக்கத்தில் ஹவுஸ் சர்ஜன் என்னும் பயிற்சி மருத்துவர் காலம் முடிந்து விடுதி அறையைக் காலி செய்வதற்கு முந்தைய இரவு, நண்பர் ஒருவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எல்லோரிடமும் நீட்டி, பதினைந்து ஆண்டு கழித்து யாராக இருப்போம் என்பதை ஆளுக்கு ஒரு வரியில் எழுதித் தரச் சொன்னார். வெள்ளிவிழாச் சந்திப்புக்கு அந்த நோட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். படிக்கப் படிக்க மேசை முழுவதும் சிரித்தது. கடைசிப் பக்கங்களை எட்டும்போது சிரிப்பு தானாக அடங்கிவிட்டது.

எழுதியவர்களில் பெரும்பாலோர் இதயநோய், நரம்பு அறுவை, பொது அறுவை, பொது மருத்துவம் ஆகிய நான்கைச் சுற்றியே நின்றிருந்தோம். மயக்கவியல் என்று ஒருவர்கூட எழுதவில்லை. இன்று எங்கள் அணியின் மயக்கவியல் மருத்துவர்கள் மட்டுமே ஒரு பந்தியை நிரப்புவார்கள். கதிரியக்கவியலை யாரும் எழுதவில்லை. இன்று முதுநிலைக் கலந்தாய்வில் முன்வரிசை இடம் பெற்றவர்கள் முதலில் அள்ளிக்கொள்ளும் துறைகளில் அதுவும் ஒன்று. அவசர மருத்துவத்தை எழுத வழியே இல்லை, ஏனெனில் இந்திய மருத்துவக் கவுன்சில் அதைத் தனிச் சிறப்புத்துறையாக ஏற்றதே 2009-இல்தான். ஆனால் எங்களில் ஒருவர் இன்று அந்தத் துறைக்குத் தலைவராக இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றுவேன் என்று எழுதியவர் ஒருவரும் இல்லை என்பதையும் சற்று வெட்கத்துடனேயே பதிவு செய்கிறேன்.

நான் எழுதியது சர்ஜன். மூன்றாவது முயற்சியில், கீழ்ப்பாக்கத்தில் நடந்த கலந்தாய்வில் என் முறை வந்தபோது மிஞ்சியிருந்தவற்றில் டி.ஓ. என்னும் கண் மருத்துவப் பட்டயம் இருந்தது. யோசிப்பதற்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு நிமிடம். இன்று கண்புரை அறுவை இல்லாத நாள் எனக்குப் பாதி நாளாகவே தோன்றுகிறது என்றாலும், அந்த ஒரு நிமிடத்தில் நான் செய்ததைத் தேர்வு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் துறையில் எல்லோரும் அறிந்த வரலாறு ஒன்று உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் படிப்பை முடித்து இராணுவ மருத்துவப் பணிக்குச் சென்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தில் இருந்தவர். முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளி விரல்களைக் கோணலாக்கியது. 1948-இல் இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அதற்குப் பிறகே கண் மருத்துவத்துக்கு வந்து, கோணிய விரல்களுக்கு ஏற்பக் கருவிகளைப் பிடிக்கப் பழகி, அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்ற பின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். படிப்பு முடிந்து 32-ஆவது ஆண்டு அது. பதினைந்தாம் ஆண்டில் அவரிடம் நோட்டை நீட்டியிருந்தால் அதில் அரவிந்த் என்ற சொல்லே இருந்திருக்காது.

நண்பர்கள் தாங்கள் எழுதியிருக்கக்கூடிய வரியையும் இன்று நிற்கும் இடத்தையும், நடுவில் எது திருப்பிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டுகிறேன். சம்பள ஒப்பீட்டுக்குப் பல இழைகள் இருக்கின்றன; அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

வட்டார மருத்துவ அலுவலர், திருவண்ணாமலை மாவட்டம்

நீங்கள் வெட்கத்துடன் பதிவு செய்த அந்த வரியில் நிற்பவன் நான். நானும் அறுவை மருத்துவம் என்றுதான் எழுதியிருப்பேன்.

2000-ஆம் ஆண்டில் 10(ஏ)(1) விதியின் கீழ்த் தற்காலிக உதவி மருத்துவராக ஜவ்வாது மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் சேர்ந்தேன். அன்று மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கிடையாது; அது 2012-இல் வந்தது. எங்களைப் போன்றவர்கள் பின்னாளில் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் சிறப்புத் தகுதித் தேர்வை எழுதிப் பணிவரன்முறை பெற வேண்டியிருந்தது. தற்காலிகமாக உழைத்த ஆண்டுகள் உழைப்புக் கணக்கில் இருந்தனவே தவிர, பணிமூப்புக் கணக்கில் முழுமையாக ஏறவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயருக்கு முன்னால் இருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆண்டுகள் நினைவுக்கு வரும்.

கிராமத்துக்குச் செல்ல அன்று எங்களுக்கு இருந்த ஈர்ப்பு ஒன்றே ஒன்று என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாநில முதுநிலை இடங்களில் பாதி, பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இரண்டு மூன்று ஆண்டு மலையடிவாரத்தில் இருந்துவிட்டு எம்.எஸ். என்னும் அறுவை மருத்துவப் பட்டத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்பதே என் கணக்கு. பகலில் புறநோயாளிகள், புதன்கிழமை தடுப்பூசி, இரவில் பிரசவம், இடையில் கேள்வி வங்கி என்று இரு முறை தேர்வெழுதினேன். அறுவை மருத்துவத்துக்கு எட்டவில்லை. மூன்றாம் முறை படிக்க உட்கார்ந்த காலத்தில் என் பகுதியில் வயிற்றுப்போக்குப் பரவி, இரண்டு மாதம் கிணறு கிணறாகக் குளோரின் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மாதத்தில்தான், ஒரு நோயாளியின் வயிற்றைத் திறப்பதைவிட ஓர் ஊரின் குடிநீர்க் குழாயைச் சரிசெய்வது எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது என்பதைக் கண்டுகொண்டேன். டி.பி.எச். என்னும் பொதுச் சுகாதாரப் பட்டயம் படித்தேன். சென்னை மாகாணத்தின் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை முதன்முறையாக முழுவதும் வாசித்தது அப்போதுதான். இந்தியாவில் அத்தகைய சட்டங்களில் முதலாவது அது என்பதை எம்.பி.பி.எஸ். படிக்கும்போது தேர்வுக்காக மனப்பாடம் செய்ததோடு சரி.

வெளியில் இருப்பவர்களுக்கு அரசு மருத்துவர் என்றால் ஒரே கூட்டம். உள்ளே மூன்று தனி வழிகள் இருக்கின்றன. பொதுச் சுகாதார இயக்ககத்தில் இருப்பவர் வட்டார மருத்துவ அலுவலர், நகர்நல அலுவலர், துணை இயக்குநர் என்று போவார். மாவட்ட, தாலுகா மருத்துவமனைகளின் இயக்ககத்தில் இருப்பவருக்கு மேலே இணை இயக்குநர் நாற்காலி. மருத்துவக் கல்வி இயக்ககத்துக்குப் போனவர் உதவிப் பேராசிரியராகத் தொடங்கி முதல்வர் வரை செல்லலாம். ஒரே நாளில் பணியில் சேர்ந்த மூவர் இருபது ஆண்டில் ஒருவரையொருவர் அடையாளம் காண முடியாத அளவுக்கு வேறுபட்ட மருத்துவர்களாகிவிடுவார்கள். இதற்கிடையே அரசு ஊழியர் ஓய்வு வயது 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்ந்ததால், துணை இயக்குநர் பதவிக்கு வரிசையில் நின்ற நாங்கள் நின்ற இடத்திலேயே இன்னும் இரண்டு ஆண்டு நின்றோம்.

சம்பளம் வேண்டாம் என்கிறீர்கள். ஆனால் பணி ஆண்டுகளுக்கு ஏற்ப எங்கள் ஊதியம் உயர்வதைப் பற்றிய 2009-ஆம் ஆண்டின் 354-ஆம் எண் அரசாணையைத் தொடாமல் அரசு மருத்துவரின் பணிப்பாதையைப் பேச முடியாது. இருபது ஆண்டில் எட்டும் ஊதியப் பட்டை பன்னிரண்டு ஆண்டில் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் 2019 அக்டோபர் கடைசி வாரத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. இந்தக் கோரிக்கையை வெறும் பணக் கணக்காகப் பார்க்காதீர்கள். சிறப்பு மருத்துவர் ஒருவர் எட்டாம் ஆண்டில் அரசுப் பணியை விட்டு வெளியேறுவாரா, ஓய்வு வரை இருப்பாரா என்பது பெரும்பாலும் அந்தப் பட்டையைப் பொறுத்தது.

மயக்கவியல் மருத்துவர், சேலம்

பந்தியை நிரப்புவதாகச் சொல்லப்பட்டவர்களில் ஒருவன். நான் குழந்தைகள் நலம் கேட்டேன், கிடைத்தது டி.ஏ. என்னும் மயக்கவியல் பட்டயம். அன்று அந்தப் பட்டயத்துடன் வெளியே வந்தவனுக்கு ஊரில் தனியாகப் பெயர்ப்பலகை வைக்க முடியாது, ஏனெனில் நம்மைத் தேடி நோயாளி வரமாட்டார்; அறுவை மருத்துவர் அழைத்தால்தான் நமக்கு வேலை. பத்து ஆண்டு காலம், பைக்கின் பின்பெட்டியில் குரல்வளைநோக்கியையும் குழாய்களையும் மருந்துகளையும் வைத்துக்கொண்டு, ஒரே நாளில் நான்கு நர்சிங் ஹோம்களுக்கு ஓடியிருக்கிறேன். சிசேரியன் செய்துகொண்ட பெண் வாழ்நாள் முழுக்க மகப்பேறு மருத்துவரின் பெயரைச் சொல்வாள். என் முகம் அவளுக்கு நினைவிருக்காது, அதுவும் பாதி முகமூடிக்குள் இருந்த முகம்.

இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றைக் கவனிக்கிறேன். 2020, 2021-இல் ஆக்சிஜன் அளவையும் வென்டிலேட்டரையும் தெரிந்தவர் யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தபோதுதான் எங்கள் துறையின் பெயர் பல மருத்துவமனை நிர்வாகிகளுக்கே சரியாக உச்சரிக்க வந்தது.

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். மயக்கவியல் மருத்துவர் இல்லாத மருத்துவமனைகளில் தாய்மார்கள் இறப்பதைத் தடுக்க, எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 18 வாரப் பயிற்சி கொடுத்து அவசர சிசேரியனுக்கு மயக்கம் கொடுக்க வைக்கும் தேசியத் திட்டம் ஒன்று நடந்தது. அந்தப் பயிற்சி பெற்றவர்களில் இருவரை நான் நன்கு அறிவேன். திறமைசாலிகள். ஆனால் பயிற்சி பட்டமாக எண்ணப்படாததால் ஒருவர் மீண்டும் தேர்வெழுதி தோல் மருத்துவத்துக்குப் போய்விட்டார். நோயாளிகளுக்கு மிகவும் தேவைப்படும் திறமை, பட்டியலில் ஒரு வரியாக ஏறாவிட்டால் அதை வைத்திருப்பவர் ஏன் அதிலேயே தங்கப்போகிறார்?

பயிற்சி மருத்துவர், அரசு மருத்துவக் கல்லூரி

மூத்தவர்களுக்கு வணக்கம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தபோது அதன் முதல் அணியில் சேர்ந்தவள் நான். கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டதால் கடன் இல்லை; ஆனால் வீட்டில் ஒருவர் வருமானம் மட்டும்தான், தம்பி படிக்கிறான். உடன் படித்தவர்களில் வசதி உள்ளவர்கள் ஹவுஸ் சர்ஜன் முடிந்ததும் நீட் முதுநிலைத் தேர்வுக்காக ஓரிரு ஆண்டு வேறு வேலை எதுவும் பார்க்காமல் படிக்கப் போகிறார்கள். என்னால் முடியாது. தனியார் மருத்துவமனையில் ட்யூட்டி டாக்டராகச் சேர்வதா, தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதா என்பதே என் கேள்வி.

நீங்கள் எல்லோரும் தற்செயலாக நல்ல இடத்துக்கு வந்து சேர்ந்ததாக எழுதுகிறீர்கள். தற்செயலை நம்பி நான் எப்படி முடிவெடுப்பது, சார்?

பொது மருத்துவர், பிரிட்டன்

தங்கையின் கேள்விக்கு நேராக விடை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பணியில் இருக்கும் நண்பர் சொல்லட்டும். ஆனால் தற்செயல் என்பதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு கணக்கு உண்டு.

நான் வெளிநாட்டு மருத்துவர்கள் பிரிட்டனில் பணியாற்ற எழுத வேண்டிய பிளாப் தேர்வை எழுதிவிட்டு 2005-இல் இலண்டனுக்கு வந்தேன். ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையில் ஐந்து மருத்துவர்கள். எங்கள் பகல் உணவு பல நாள் கோயில் அன்னதானம். அன்று வெளிநாட்டு மருத்துவர்கள் தனி வேலை அனுமதி இல்லாமல் இங்கே பயிற்சிப் பணியில் சேரலாம் என்ற விதி இருந்தது. அதை நம்பித்தான் அப்பா நிலத்தை அடகு வைத்தார். 2006-இன் வசந்த காலத்தில் அந்த விதி முடிவுக்கு வந்தது. நாங்கள் விண்ணப்பித்த இடங்களுக்கு முதலில் பிரிட்டன், ஐரோப்பிய மருத்துவர்களைப் பார்த்துவிட்டு, மிச்சம் இருந்தால்தான் எங்கள் முறை. இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கம் வழக்குத் தொடுத்து, ஏற்கெனவே சிறப்புக் குடியேற்ற அனுமதியில் இருந்தவர்களை ஒதுக்கும்படி மருத்துவமனைகளுக்குத் தரப்பட்ட அறிவுறுத்தல் செல்லாது என்று 2008 ஏப்ரலில், அன்று இந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பு வழங்கியது. வழக்கில் வென்றோம், ஆனால் இரண்டு ஆண்டு போயிருந்தது. ஐவரில் இருவர் ஊர் திரும்பினார்கள், ஒருவர் ஆஸ்திரேலியா சென்றார், ஒருவர் முதியோர் மருத்துவத்தில் தங்கினார், நான் குடும்ப மருத்துவப் பயிற்சிக்குப் போனேன். ஐவருமே இதயநோய் நிபுணராக வேண்டும் என்று விமானம் ஏறியவர்கள்.

எனவே என் எண்ணம் இதுதான்: ஒருவர் எந்தத் துறையில் முடிவார் என்பதை அவரது விருப்பத்தைவிட, அவர் எந்த ஆண்டில் எந்த வாசலில் நின்றார் என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. எனக்கு ஓர் ஆண்டு மூத்தவர், என்னைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவர், இன்று இங்கே இதயநோய் நிபுணர்.

இன்னொரு செய்தியும் இந்த இழைக்குப் பொருந்தும். ஆக்ஸ்போர்டில் உள்ள ஓர் ஆய்வுக் குழு, பிரிட்டனில் 1974-இல் பட்டம் பெற்றவர்களிலிருந்து தொடங்கி, பல அணிகளைப் பட்டம் பெற்ற முதலாம், மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளிலும் அதற்குப் பின்னும் தொடர்ந்து விசாரித்துவந்தது. முதலாம் ஆண்டில் சொன்ன விருப்பத்தைவிட மூன்றாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு விருப்பமே பின்னாளைய துறையோடு அதிகம் ஒத்துப்போனதாக அவர்கள் கண்டார்கள். நம்மிடம் இருப்பது உங்கள் நண்பரின் நாற்பது பக்க நோட்டு. அதை அவர் விடுதியைக் காலி செய்யும் இரவில் நீட்டியதுதான் பிழை, ஐந்து ஆண்டு பொறுத்து நீட்டியிருக்க வேண்டும்.

மகப்பேறு மருத்துவர், சிறுநகரம், ஈரோடு மாவட்டம்

இதுவரை எழுதிய ஆண்கள் யாரும் திருமணம் என்ற சொல்லையே எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். என் அணியில் இருந்த பெண்களின் பணிப்பாதையை விதியும் தரவரிசையும் திருப்புவதற்கு முன்பே மாப்பிள்ளை வீடு திருப்பிவிட்டது. எங்கள் அணியின் தங்கப் பதக்கம் பெற்றவர் கணவரின் பணி மாறுதலோடு ஐந்து மாநிலம் சுற்றி, எல்லா ஊரிலும் பகுதி நேரப் புறநோயாளிப் பிரிவு பார்த்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் முதன்முறையாகத் தனக்கென்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கதிரியக்கவியலும் நோய்க்குறியியலும் இரவுப் பணி குறைவு என்பதற்காகப் பெண்களுக்குப் பரிந்துரைக்கப்படும்போது, பரிந்துரைப்பவர்கள் அதைப் பெண்ணின் விருப்பம் என்றே பதிவு செய்கிறார்கள்.

நான் டி.ஜி.ஓ. என்னும் மகப்பேறு பட்டயம், என் கணவர் எம்.எஸ். 1998-இல் இந்த ஊரில் 15 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கினோம். கீழே மருத்துவமனை, மாடியில் வீடு. எங்கள் தலைமுறையில் கணவன் அறுவை, மனைவி மகப்பேறு என்பது தமிழகத்துச் சிறுநகரங்களின் வழக்கமான வாய்ப்பாடு. குழந்தைகள் மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். நள்ளிரவில் அழைப்பு மணி அடித்தால் யார் எழுந்து போவது என்பதில் மட்டும் சண்டை வரும். இரத்தம் வேண்டுமென்றால் ஈரோட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டு, அவர் திரும்பும் வரை நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்ற இரவுகளை எண்ண முடியாது.

அந்த வாய்ப்பாடு இப்போது வேலை செய்யவில்லை. மாநிலத்தின் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்துக்கு 2018-இல் விதிகள் வந்தன. 2016-இல் மருத்துவக் கழிவு விதிகள் புதிதாக வந்தன. தீயணைப்புச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானவையே. அவற்றை எதிர்ப்பவள் அல்ல நான். ஆனால் 15 படுக்கைக்கும் 300 படுக்கைக்கும் ஏறக்குறைய அதே காகித வேலை, அங்கே அதற்கென்று ஒரு துறை, இங்கே அதையும் செய்பவள் நான். போன ஆண்டோடு உள்நோயாளிப் பிரிவை மூடிவிட்டோம். மகன் மருத்துவம் படித்திருக்கிறான். மாடி வீட்டு மருத்துவமனை வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பயிற்சி மருத்துவரான மகளுக்கு ஒன்று. டாக்டர் வி. சாந்தா மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. முடித்து, தேர்வாணையம் மூலம் எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் பணி ஆணை கிடைத்திருந்த 1955-இல், அதை விட்டுவிட்டு, ஓராண்டுக்கு முன் 12 படுக்கைகளுடன் தொடங்கியிருந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனார். அன்று பலருக்கும் அது புத்திகெட்ட முடிவாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் வாசலும் ஆண்டும் தீர்மானிக்கின்றன என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மயக்கவியல் மருத்துவர், சேலம்

அம்மா, மரியாதையோடு மறுக்கிறேன். சாந்தா அம்மையாரையும் வெங்கடசாமி ஐயாவையும் வைத்து மருத்துவர்களின் பணிப்பாதையை விளக்குவது, எவரெஸ்டை வைத்துச் சேலத்தின் தரைமட்டத்தை அளப்பது போன்றது. நம்மில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட அந்த மனவுறுதி கிடையாது. மீதிப் பேரின் கதையைத்தான் இங்கே பேச வேண்டும்.

வேலூரில் படித்தவர், தருமபுரி மாவட்டம்

மனவுறுதி என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. நான் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்தேன். அங்கே எங்களில் பெரும்பாலோர் ஒரு திருச்சபையின் பரிந்துரையுடன் சேர்ந்து, படிப்பு முடிந்ததும் அந்தச் சபை காட்டும் மிஷன் மருத்துவமனையில் இரண்டு ஆண்டு பணியாற்றக் கடமைப்பட்டவர்கள். அதாவது எங்கள் முதல் இரண்டு ஆண்டு யாருடைய மனவுறுதியையும் சார்ந்ததில்லை, எல்லோருக்கும் ஒப்பந்தம்தான். பார்க்க வேண்டியது மூன்றாம் ஆண்டை. இரண்டு ஆண்டு முடிந்த மறுநாளே பெட்டி கட்டியவர்களும் உண்டு, இருபது ஆண்டாக அங்கேயே இருப்பவர்களும் உண்டு. இரு சாராரையும் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். நல்லவர், கெட்டவர் என்ற வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. தங்கியவர்களுக்கு அந்த மருத்துவமனையில் சந்தேகம் கேட்க ஒரு மூத்த மருத்துவர் இருந்தார், துணைவருக்கும் வேலை இருந்தது, பிள்ளைக்குப் பள்ளி இருந்தது. போனவர்களுக்கு இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் இருந்தது. பெரும்பாலும் முதலாவது.

எங்கள் மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்டிலிங்கியில், ஆலப்புழையில் ஒன்றாகப் படித்து, காந்திகிராமத்தில் பணியாற்றிவிட்டு வந்த ரெஜி, லலிதா என்னும் மருத்துவத் தம்பதி 1993-இல் பழங்குடி மக்களுக்காக ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் தியாகத்தைச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகத் தெரிவது, அவர்கள் இருவராக வந்தார்கள் என்பதும், உள்ளூர்ப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்துத் தங்களுக்கு ஒரு குழுவை உருவாக்கிக்கொண்டார்கள் என்பதும்தான். தனியாக ஓர் ஆளை மலைக்கு அனுப்பிவிட்டு அவர் ஓடிவிட்டார் என்று திட்டுவதை நாம் நிறுத்த வேண்டும்.

வட்டார மருத்துவ அலுவலர், திருவண்ணாமலை மாவட்டம்

மேலே சொன்னது முழுக்க உண்மை. என் நிலையத்தில் பகுதி சுகாதாரச் செவிலியர் ஒருவர் இருந்தார். அவர் இல்லாமல் போயிருந்தால் நான் முதல் ஆறு மாதத்திலேயே ஓடியிருப்பேன். பிரசவத்தில் பாடநூலைவிட அவரிடம் கற்றதே அதிகம்.

தங்கையின் கேள்விக்கு வருகிறேன். பணியில் சேர்ந்து முதுநிலைக்குப் போகலாம் என்ற வழி உங்களுக்கு முன் ஒரு முறை அடைபட்டுத் திறந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 2017-இல் முதுநிலைச் சேர்க்கைக்கு நீட் வந்தபோது, மத்திய விதிகளின்படி முதுநிலைப் பட்டப்படிப்பில் (எம்.டி., எம்.எஸ்.) எங்களுக்கு இருந்த 50 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு இடமில்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. தொலைதூர, கடினப் பகுதிகளில் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பெற்ற மதிப்பெண்ணில் 10 விழுக்காடு, அதிகபட்சம் 30 விழுக்காடு ஊக்க மதிப்பெண் என்பதே மிஞ்சியது. எந்த நிலையம் கடினம், எது தொலைதூரம் என்று பட்டியல் போடுவதில் நடந்த சண்டையைத் தனி இழையாகத்தான் எழுத வேண்டும். அந்த மூன்று ஆண்டில் தேர்வெழுதியவர்களில் பலர் மனம் வெறுத்துப் பணியை விட்டார்கள். பின்னர் 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பணியில் உள்ளவர்களுக்குத் தனி ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் சிறப்புப் படிப்புகளுக்கும் 50 விழுக்காடு தரும் அரசாணை வந்தது. பிரிட்டன் நண்பர் சொல்லும் வாசலும் ஆண்டும் இதுதான். 2017-இல் ஐந்தாம் ஆண்டுப் பணியில் இருந்தவருக்கும் 2021-இல் இருந்தவருக்கும் அறிவில் வேறுபாடு எதுவும் இல்லை.

இன்னொரு மாற்றம், எங்கள் காலத்தில் இருந்த டி.ஓ., டி.ஜி.ஓ., டி.ஏ. போன்ற கல்லூரிப் பட்டயங்கள் 2019-ஐ ஒட்டிப் பெருமளவில் முதுநிலைப் பட்டப்படிப்பு இடங்களாக மாறிவிட்டன. இந்த இழையில் மூன்று பேரைத் துறைக்குள் கொண்டுவந்த கதவு அது. இப்போது தேசியத் தேர்வு வாரியம் மயக்கவியல், மகப்பேறு, குழந்தைகள் நலம், குடும்ப மருத்துவம் உள்ளிட்ட சில துறைகளில் இரண்டாண்டுப் பட்டயம் நடத்துகிறது. மாவட்ட அளவிலான மருத்துவமனைகளில் இருந்தபடியே படிக்கலாம். பலர் கவனிக்காமல் விடும் வழி அது.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் வீட்டு நிலைமையில் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதுங்கள். முடிவு வரும் வரை ட்யூட்டி டாக்டராக இருப்பதில் தவறில்லை, ஆனால் அதில் மூன்று ஆண்டு கழிக்காதீர்கள். இரவெல்லாம் மற்றவர் எழுதிய மருந்தைத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தால் சொந்தமாக முடிவெடுக்கும் கை மரத்துப்போகும்.

பயிற்சி மருத்துவர், அரசு மருத்துவக் கல்லூரி

மிக்க நன்றி, சார். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். விதி 2017-இல் மாறியது போல நான் பணியில் இருக்கும்போதும் மாறினால்?

வட்டார மருத்துவ அலுவலர், திருவண்ணாமலை மாவட்டம்

மாறும். அதற்காகத்தான் சொல்கிறேன், முதுநிலை இடத்துக்கான காத்திருப்பு அறையாக மட்டும் நிலையத்தைப் பார்த்தால் விதி மாறும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. நான் அப்படிப் பார்த்துத்தான் போனேன், வயிற்றுப்போக்கு வந்து காப்பாற்றியது. உங்களுக்கு அப்படி ஏதாவது வரும் என்று நான் உறுதி கொடுக்க முடியாது.

தொடங்கியவர்: கண் மருத்துவர், திண்டுக்கல்

தேர்வா விபத்தா என்று நான் குழம்பியதற்கு வேலூர் நண்பர் வேறொரு கோணம் காட்டியிருக்கிறார். யோசித்துப் பார்க்கிறேன், டி.ஓ. இடத்தை நான் எடுத்தது ஒரு நிமிடத்தில் நடந்தது, ஆனால் கண் மருத்துவத்தை விட்டு ஓடாமல் இருந்ததற்குக் காரணம் முதல் ஆண்டில் என் கையைப் பிடித்து நுண்ணோக்கியின் கீழ் தையல் போடக் கற்றுக்கொடுத்த உதவிப் பேராசிரியர். நோட்டில் அவருக்கு இடமில்லை.

பயிற்சி மருத்துவர், அரசு மருத்துவக் கல்லூரி

தேர்வுக்கு விண்ணப்பிக்க முடிவு செய்துவிட்டேன். இடம் ஒதுக்கும் கலந்தாய்வில் எல்லோரும் சொந்த ஊருக்கு அருகில் இருக்கும் நிலையத்தைத்தான் எடுக்கிறார்கள் என்று அக்காமார்கள் சொல்கிறார்கள். நானும் அப்படியே எடுக்கலாமா?

வட்டார மருத்துவ அலுவலர், திருவண்ணாமலை மாவட்டம்

தூரத்தை இரண்டாவதாகப் பாருங்கள். முதலில் அது 30 படுக்கைகள் கொண்ட மேம்படுத்தப்பட்ட நிலையமா என்று பாருங்கள். அங்கே என்றால் உங்களைத் தவிர வேறு மருத்துவர்களும் இருப்பார்கள். மாதம் எத்தனை பிரசவம் நடக்கிறது என்று கேளுங்கள்; பிரசவமே நடக்காத நிலையத்தில் இரவு நிம்மதியாகத் தூங்கலாம், ஆனால் எதையும் கற்க முடியாது. பட்டியல் வெளிவந்ததும் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்தில் போய்ப் பாருங்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டாம். பிரசவ அறைச் செவிலியருடன் அரை மணி நேரம் பேசுங்கள். திரும்பும்போது குடியிருப்பில் தண்ணீர் வருகிறதா என்பதையும் குழாயைத் திறந்து பார்த்துவிடுங்கள்.